சொத்தைப்பல் இல்லாத செங்குளவிளை

ஒரு நாட்டின் முன்னேற்றத்தைச் சாலைகளை வைத்தும் பாலங்களை வைத்தும் அளந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. சாலையும் பாலமும் முதல் மழைக்கே கையை விரித்துவிட்டதால், இனி வளரிளம் பருவத்தினரின் கடைவாய்ப் பல்லை வைத்து அளப்பது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. பல் மழையில் கரையாது. "ஊரக வளரிளம் பருவத்தினரிடையே பல் சொத்தையும் அதற்கான இடர்க் காரணிகளும்" என்று மூச்சு வாங்கவைக்கும் பெயருடன் ஓர் ஆணை சென்னையில் பிறந்து, தூத்துக்குடியில் சில மாதம் படுத்துக் கிடந்து, கடைசியில் செங்குளவிளை சுகாதார ஆய்வாளர் தேவமணியின் மேசையில் வந்து விழுந்தது.

தேவமணி கடமை தவறாத மனுஷன். கொசு மருந்து அடிக்கச் சொன்னால் அடிப்பார். கொசு செத்ததா என்று பார்க்கச் சொல்லி ஆணை வராததால் அதைப் பார்க்க மாட்டார். அவருக்கு ஒரே மகள், ஜெஸ்மி. உள்ளூர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. கொஞ்ச நாளாகவே அவளுக்குக் கீழ் இடது கடைவாய்ப் பல்லில் வலி. பல் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும் என்று வீட்டில் தினமும் நச்சரிப்பு. "கணக்கெடுப்பு முடியட்டும்" என்று தேவமணி தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பல் மருத்துவர் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும் என்றுதான் ஆணையில் இருந்தது. ஆனால் மாவட்டத்தின் பல் மருத்துவ வண்டி சக்கரம் இல்லாமல் துறைமுகச் சாலையோரம் ஒரு கொட்டகையில் உப்புக்காற்று வாங்கிக்கொண்டிருந்தது. இப்படி நடக்கும் என்று தெரிந்தோ என்னவோ, ஆணையிலேயே ஒரு மாற்று ஏற்பாடும் இருந்தது. மருத்துவர் இல்லாத இடத்தில், "உனக்குச் சொத்தை இருப்பதாக எந்தப் பல் மருத்துவராவது சொல்லியிருக்கிறாரா?" என்று பிள்ளையையே கேட்டுக்கொள்ளலாம்.

தேவமணி பள்ளிக்கூடத்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். ரோட்டு விலக்கில் இருக்கும் காயல்பட்டினத்து டாக்டர் ருஷ்தாவிடம் போய்வந்த பிள்ளைகள், "ஆமா சார், டாக்டர் சொன்னாவ" என்றார்கள். அவர்களுக்குச் சொத்தை உண்டு. போகாத பிள்ளைகள், "இல்ல சார்" என்றார்கள். அவர்களுக்குச் சொத்தை இல்லை. வேலை மளமளவென்று நடந்தது. ஜெஸ்மியின் முறை வந்தபோது அவள் கன்னத்தில் கையை வைத்தபடியே வந்து நின்றாள்.

"பல் டாக்டர் யாராச்சும் சொத்தைன்னு சொன்னாவளா?"

"நீங்கதான் கூட்டிட்டே போவலையப்பா. பெறவு எப்படிச் சொல்லுவாவ?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுளா."

"சொல்லல. ஆனா வலிக்குப்பா. ஐஸ் தண்ணி குடிச்சா உயிரு போவுது."

"உயிர் போறதுக்கு இந்தப் படிவத்துல எடமில்ல மக்கா. சொத்தை இல்லை. அடுத்த ஆளு வாங்க."

அடுத்த கேள்வி உணவுப் பழக்கம். ஒரு நாளைக்கு எத்தனை முறை சீனி சேர்த்த பண்டம் சாப்பிடுகிறாய்? பிள்ளைகள் எல்லாரும் இல்லை என்று தலையாட்டினார்கள். தேவமணிக்கே லேசாகச் சந்தேகம் வந்து, பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை ஜெபசெல்வியைப் பார்த்தார்.

"சார், நம்ம ஊருல சீனியை எவன் தொடுதான்?" என்றார் ஜெபசெல்வி, கோபமாக. "காப்பிக்குக் கருப்பட்டி. மிட்டாய்னாலும் கருப்பட்டி மிட்டாய்."

"அல்வா திம்பாங்களே?"

"அது தேங்காப்பாலுல்லா."

"முந்திரிக்கொத்து?"

"பாசிப்பயறு சார். புரதச் சத்து."

"மக்ரூன்?"

"முட்டையும் முந்திரிப்பருப்பும். சத்துணவுல முட்டை போடுதோமா இல்லையா? அதே முட்டைதான்."

தேவமணிக்குத் திருப்தி. கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று இந்தப் பக்கத்துக்காரனிடம் சொன்னால், அவன் குடும்பத்தைப் பற்றித் தப்பாகப் பேசியதாகத்தான் எடுத்துக்கொள்வான். கருப்பட்டி மருந்து, சளிக்கு நல்லது, எலும்புக்கு நல்லது, பிள்ளைபெற்றவளுக்கு நல்லது. அன்று மரத்தடியில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரு பக்கக் கன்னத்தில் சில்லுக்கருப்பட்டியை ஒதுக்கிக்கொண்டுதான் சீனி தின்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தேவமணி எல்லோருக்கும் சீனி இல்லை என்று பதிந்துகொண்டார்.

அதன்பின் தூத்துக்குடியில் ஆய்வுக் கூட்டம். மாவட்டப் பல் நல ஒருங்கிணைப்பு அலுவலர் அருமைநாயகம் தலைமை. அவர் அப்போதுதான் டெல்லியில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். போவதற்கு முன் "ஃபைல்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், வந்த பிறகு "டேட்டா" என்று சொன்னார். மற்றபடி மாற்றமில்லை. மேசை மேல் தட்டுத் தட்டாக மக்ரூன் இருந்தது. அதன் சத்து என்னவென்று தேவமணிக்கு இப்போது தெரிந்திருந்ததால் தயங்காமல் எடுத்துக்கொண்டார்.

"டேட்டா என்ன சொல்லுதுன்னு மட்டும் பாப்போம்," என்றார் அருமைநாயகம். "சீனிக்கும் சொத்தைக்கும் சம்பந்தம் இல்லை. ஏன்னா மாவட்டத்துல சீனியே யாரும் திங்கலை. சரியா? பல் டாக்டர்கிட்ட போன பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சொத்தை. போகாத பிள்ளைகள்ல ஒருத்தருக்குக்கூட இல்லை. அப்போ சொத்தைக்கு முதன்மையான இடர்க் காரணி எது?"

கூட்டம் முழித்தது. பள்ளியில் படிக்கும் காலத்திலிருந்தே, வாத்தியார் கேள்வி கேட்டு யாரும் பதில் சொல்லாவிட்டால் தேவமணிக்குப் பொறுக்காது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்தார்.

"பல் டாக்டர்தான் சார்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சிறப்பு அழைப்பாளராகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டர் ருஷ்தா எழுந்து நின்றார்.

"சார், சொத்தை வந்ததாலதான் பிள்ளைங்க எங்கிட்ட வருது. எங்கிட்ட வந்ததால சொத்தை வரலை."

"அதுக்கு டேட்டா இருக்கா, டாக்டர்?"

"வராத பிள்ளைங்க வாயைத் தெறந்து பாத்தா இருக்கும். யாரும் பாக்கவே இல்லையே!"

"பாக்கும்போது வந்துட்டா? அந்த ரிஸ்க்கை அரசு எடுக்க முடியாதும்மா." அருமைநாயகத்தின் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. "அதுவுமில்லாம நீங்க சம்பந்தப்பட்ட பார்ட்டி. மலேரியாவைப் பத்திக் கொசுகிட்ட கருத்துக் கேக்குற வழக்கம் நம்ம துறையில கிடையாது."

அதற்கும் கை தட்டினார்கள். ருஷ்தா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு மாதத்தில் ஆணை வந்தது. பீடி, சிகரெட் கடைகளுக்கு உள்ளது போலவே பள்ளிகளின் அருகே உள்ள பல் மருத்துவமனைகளுக்கும் கட்டுப்பாடு. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் வாயைப் பல் மருத்துவர் நோக்குதல் கூடாது. தவறி நோக்கினால் அபராதம், பூட்டு. "வளரிளம் பருவத்தினருக்கு அனுமதி இல்லை" என்ற பலகையைத் தேவமணியே சுத்தியலும் ஆணியுமாகப் போய் ருஷ்தாவின் வாசலில் அடித்துவிட்டு வந்தார். மறுநாள் பள்ளிப் பிள்ளைகளின் விழிப்புணர்வுப் பேரணி அந்த வழியாகப் போயிற்று. "விலகி நிற்போம், விலகி நிற்போம்! பல் மருத்துவரை விட்டு விலகி நிற்போம்!" என்று கத்திய பிள்ளைகள், கிளினிக்கைத் தாண்டும்போது மட்டும் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள். நல்ல வெயில். ருஷ்தா பாவம் பார்த்துக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வாயைத் திறக்காமல் தண்ணீர் குடிப்பது எப்படி என்று ஆணையில் விளக்கம் இல்லாததால் யாரும் குடிக்கவில்லை.

செங்குளவிளைக்கு இதனால் பெரும் பெயர் கிடைத்தது. பள்ளிக்கு அருகே இருந்த ஒரே கிளினிக்கும் பிள்ளைகளுக்கு மூடிய கதவாகிவிட்டதால், புதிதாக ஒரு சொத்தைகூடப் பதிவாகவில்லை. அந்த ஊர்க்காரர்கள் கருப்பட்டி தின்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்குச் சொத்தையே கிடையாது என்று யாரோ படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்கள் வந்தன. இஸ்திரி போடாத கைத்தறிச் சட்டையும் கழுத்தில் கொட்டை மாலையுமாக இறங்கியவர்கள், பனைமரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கருப்பட்டிக் கடை நேசக்குமார் அண்ணாச்சி, வந்த காரையெல்லாம் வெறுமனே திருப்பி அனுப்புகிற ஆள் இல்லை. ஒரு வாரத்தில் கருப்பட்டிப் பற்பசை கொண்டுவந்துவிட்டார். அட்டையில், "பாரம்பரியமானது. துப்பத் தேவையில்லை" என்று அச்சடித்திருந்தது.

"அண்ணாச்சி, பிள்ளைகள் ஒழுங்காத் தேய்க்கா?" என்று தேவமணி விசாரித்தார்.

"எங்க சார், நிறுத்தவே மாட்டேங்கு! சோத்துக்கு முன்னால தேய்க்கி, பின்னால தேய்க்கி, பாடம் நடக்கும்போதும் தேய்க்கி. வகுப்புல எவனும் வாயைத் தெறக்கதில்லன்னு டீச்சருக்கு ஒரே சந்தோசம்."

ஊராட்சிக்கு விருது அறிவித்தார்கள். விழாவுக்கு மேலிடத்திலிருந்து பெரியவர் ஒருவர் வருவார். அவர் முன்னிலையில் ஒரு பிள்ளை முழுக் கருப்பட்டி வட்டு ஒன்றைக் கடித்துக் காட்ட வேண்டும். சுகாதார ஆய்வாளர் வீட்டுப் பிள்ளையே கடித்தால்தான் பொருத்தம் என்று ஜெபசெல்வி டீச்சர் முடிவு செய்தார்.

ஒத்திகையில் ஜெஸ்மி கடித்தாள். அவள் போட்ட அலறலில் மரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. சாயங்காலத்துக்குள் கன்னம் பன்ரொட்டி மாதிரி வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது. தேவமணியின் மனைவி பேசாமல் வந்து, அவர் கையில் இருந்த அழைப்பிதழைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். "பிள்ளையக் கூட்டிட்டுப் போறியளா, இல்ல நான் போவட்டுமா?" என்றார். அனத்திக்கொண்டு கிடந்த மகளைத் தேவமணி தூக்கி எழுப்பினார். பைக்கில் வைத்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

ருஷ்தா வாசலிலேயே நிறுத்திவிட்டார். தலைக்கு மேல் தேவமணி அடித்த பலகை.

"சார், நான் பாத்தா பிள்ளைக்குச் சொத்தை வந்துரும்ல?"

"டாக்டர், தயவு செஞ்சு..."

"நீங்க அன்னைக்கு எந்திரிச்சு நின்னு சொன்னீங்க. எனக்கு மறக்கலை."

"தப்புதான். ஒத்துக்கிடுதேன். பிள்ளை துடிக்கா டாக்டர். ஏதாச்சும் பண்ணுங்க."

ஜெஸ்மி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். ருஷ்தாவுக்கு மனசு கேட்கவில்லை. "யா அல்லாஹ், உள்ள வாங்க" என்றார். பிறகு தன் பெரிய நோட்டைத் திறந்துகொண்டு, "பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்க பேரை எழுதினா கிளினிக்கைப் பூட்டிருவாங்க. யார் பேருல எழுத?" என்று கேட்டார்.

தேவமணி வாழ்க்கையில் முதல்முறையாக ஆணையில் இல்லாத ஒன்றைச் செய்தார். "எம் பேருல எழுதுங்க" என்றார்.

ருஷ்தா விளக்கைப் பிடித்து வாய்க்குள் பார்த்தார். "முதல்ல வலின்னு சொன்னப்பவே வந்திருந்தா அடைச்சு விட்டிருப்பேன். இப்ப வேர் வரைக்கும் போயிட்டு. எடுத்துத்தான் ஆகணும். மாத்திரை தாரேன், வீக்கம் வத்தினதும் கூட்டிட்டு வாங்க."

"பெறவு முளைக்கும்லா டாக்டர்?"

"இது பால்பல் இல்ல சார். முளைக்காது."

தேவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வார்த்தைக்குக் கைதட்டு வாங்கும் ஆசையில் மகளின் பல்லைத் தொலைத்துவிட்டோமே என்று திரும்பும் வழியெல்லாம் மருகினார்.

வீக்கம் வற்றியபின் மறுபடி போனபோது அவர் முதலில் தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தார். கிளினிக்கில் உட்கார இடமில்லை. ஜெபசெல்வி டீச்சர் சேலைத் தலைப்பால் தாடையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகன். நேசக்குமார் அண்ணாச்சி துண்டைத் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்தார். அவர் மடியில் தலை வைத்து மகள் அழுதுகொண்டிருந்தாள். மூலையில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தவரை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. அருமைநாயகம்! கூடவே வீங்கிய கன்னத்துடன் அவர் மகன்.

"எனக்குத்தான் வலி," என்றார் அருமைநாயகம் முந்திக்கொண்டு. "தம்பி துணைக்கு வந்திருக்கான்."

"எனக்கும்தான் சார்," என்றார் டீச்சர்.

"எனக்கும்," என்றார் அண்ணாச்சி.

தேவமணியும் அவசரமாகத் தாடையில் கையை வைத்துக்கொண்டார். வலியில்லாத பெரியவர்கள் எல்லாரும் "ஆ, ஊ" என்று முனகினார்கள். வலி உள்ள பிள்ளைகள் துணைக்கு வந்தவர்களைப் போல் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். ஜெஸ்மியின் பல்லை எடுத்து முடித்ததும், "தேவமணி, கீழ் இடது கடைவாய்ப் பல் அகற்றப்பட்டது" என்று ருஷ்தா எழுதினார். ஜெஸ்மி பஞ்சைக் கடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"பல்லு என்னுது. பேரு ஏன் ஒங்களுதுப்பா?"

"அது நிர்வாகம் மக்கா."

விழா ஜே ஜே என்று நடந்தது. ஜெஸ்மி வலது பக்கத்தால் கருப்பட்டியைக் கடித்துக் காட்டினாள். மேலிடத்துப் பெரியவர் அவளைத் தட்டிக்கொடுத்து, பற்பசையைக் கொஞ்சம் விரலால் தொட்டு நக்கிவிட்டு, அந்தக் குழாயைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

ஆனால் டேட்டா சும்மா இருக்குமா? செங்குளவிளை வட்டாரத்தில் பெரியவர்களுக்குத் திடீரென்று பல் கொள்ளைநோய் பரவியிருப்பது ருஷ்தாவின் நோட்டு வழியாகச் சென்னைக்குத் தெரிந்துபோயிற்று. அதிலும் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், வியாபாரிகள் என்று பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கே வந்திருந்தது. மேலிடம் பதறிவிட்டது. கொட்டகையில் கிடந்த பல் மருத்துவ வண்டிக்குச் சக்கரம் மாட்டி, அதோடு ஓர் ஒப்பந்த மருத்துவரையும் அனுப்பினார்கள். இந்த முறை கேள்வி கேட்கிற வேலையே இல்லை. கிளினிக்கின் நோட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் வாயையும் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நோட்டில் எடுத்ததாக உள்ள பல் வாயில் இருந்தால், அது அரசை ஏமாற்றும் செயல். வேலை போகும். ஆகவே, "பதிவுக்கும் வாய்க்கும் இடையே முரண் காணப்படின், உடனடியாக நேர்செய்க" என்று ஆணை சொன்னது.

பதிவை நேர்செய்ய வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். வாயை நேர்செய்ய ஒரு குறடு போதும்.

பள்ளி மைதானத்தில் வண்டி நின்றது. பெற்றோர்கள் வரிசையாக நின்றார்கள். யார் வாய்க்குள்ளும் ஒரு குறையும் இல்லை, வரிசைக்கு எல்லாமே நல்ல பல். டாக்டர் ருஷ்தா வரிசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நல்லா இருக்குற பல்லை ஏன் பிடுங்கக் கொடுக்குறீங்க? எடுத்தது பிள்ளைங்களுக்குன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொன்னா போதும். பலகையக் கழட்டிரலாம். மத்தப் பல்லையாச்சும் நான் காப்பாத்திக் கொடுப்பேன். எம்மேல நடவடிக்கை வந்தா வரட்டும், நான் பாத்துக்கிடுதேன்."

அருமைநாயகம் வரவிருந்த பதவி உயர்வை நினைத்துக் குனிந்துகொண்டார். ஜெபசெல்வி டீச்சர் விழாவில் கிடைத்து, தலைமையாசிரியர் அறைச் சுவரில் மாட்டியிருந்த கேடயத்தை நினைத்துக்கொண்டார். நேசக்குமார் அண்ணாச்சிக்குத் துபாய்க்கு ஏற்றுமதி பேச்சு நடந்துகொண்டிருந்தது. எல்லார் பார்வையும் தேவமணியின் மேல் வந்து நின்றது. கூட்டத்தில் எழுந்து முதலில் பதில் சொல்கிற ஆள் அவர்தானே.

வேலியோரம் நின்ற ஜெஸ்மி, "சொல்லுங்கப்பா" என்றாள்.

தேவமணிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். திறந்த வாயைப் பார்த்ததும் ஒப்பந்த மருத்துவர், "அப்படியே வைங்க சார்" என்று விளக்கை உள்ளே நீட்டினார். ஓர் அரசு மருத்துவர் வேலையில் இருக்கும்போது இடையில் பேசுவது மரியாதை இல்லை. தேவமணி பேசவில்லை. ருஷ்தா திரும்பிப் பாராமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

வேலை சீக்கிரம் முடிந்தது. தேவமணி வாய் நிறையப் பஞ்சுடன் இறங்கி வந்தார். ஜெஸ்மி ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தாள். முகமெல்லாம் அழுகை.

"அப்பா, எனக்கு வலது பக்கமும் வலிக்க ஆரம்பிச்சிட்டு. இனி டாக்டர்கிட்ட எப்படிப் போவ?"

தேவமணிக்கு அவளைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. பெற்ற மனசு கேட்குமா? மகளை அணைத்துக்கொண்டு, பஞ்சை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, தைரியம் சொன்னார்.

"அழாத மக்கா. அப்பாவுக்கு வலது பக்கம் பல்லு எல்லாம் அப்படியே இருக்கு."

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெற்றோர்கள், ஆளுக்கொரு பிள்ளையைப் பார்த்துவிட்டு, நாக்கால் தங்கள் மிச்சப் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.